இந்த நான்கெல்லைக்குட்பட்டது

எட்டு வருஷம்
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் மெஷினுக்கு மூடி திறந்தவள் நான்.
திருவொற்றியூரின் பாதி வீடுகள்
குப்புறப் படுத்தபடி
என் கை வழியாகப் போயிருக்கின்றன.
ஒன்றையும் படித்ததில்லை.
பச்சை வெளிச்சம் ஒருமுறை போய்வர
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

போன தையில் வேலையை விட்டு
புரோக்கர் என்று கார்டு அடித்தேன்.
அன்றிலிருந்துதான் வாசிக்கிறேன்,
வரிக்கு வரி விரல் வைத்து.

வரி ரசீது, வரி கட்டியதைச் சொல்லும்.
கரண்ட் கார்டு, விளக்கு எரிந்ததைச் சொல்லும்.
வீடு யாருடையது என்று
இரண்டுக்கும் தெரியாது.
பட்டாவில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர்,
வாசலில் கோலம் போடுகிறவள்
இரண்டிலும் இல்லை.
பதிவாளரின் முத்திரை
கையெழுத்துக்குச் சாட்சி.
போட்டவனுக்கு மனை உண்டா என்பது
வாங்குகிறவர் பாடு.
இனிமேல், என் பாடும்.

முதல் கேஸ், குப்பத்தில் தேசிங்கு அண்ணன் வீடு.
"ஒரு வில்லங்கமும் இல்லம்மே,
முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டுப் பாரு."
போட்டேன். வெறுமையாக வந்தது.
பதிந்தது மட்டும்தான் அதில் ஏறும்.
வட்டிக்கடை அலமாரியில்
தாய்ப்பத்திரம் தூங்கினால்
அந்தத் தாளுக்குக் கனவுகூட வராது.
அசலைக் காட்டச் சொன்னேன்.
பீரோவிலிருந்து எடுத்தார், நாப்தலீன் வாசனையோடு.

அப்பா உயில் எழுதவில்லை.
வாரிசுச் சான்றில் இரண்டாவது வரி:
அஞ்சலாட்சி, மகள், பழவேற்காடு.
"அதுக்குக் கண்ணாலத்துலயே போட்டாச்சு."
போட்ட நகையை
பிறந்த பங்கிலிருந்து கழிக்கும் கணக்கு
சட்டத்தில் நான் தேடியவரை இல்லை.
போன் போட்டேன்.
இரண்டு பஸ் மாறி வந்தாள்.
"குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல.
ஒரு வார்த்த கேக்கலியே."
விடுதலைப் பத்திரத்தில்
மெதுவாக, முழுப்பெயரையும் எழுதினாள்.

பிறகு டேப்.
ஒரு முனையை ஜெயசீலி பிடித்தாள்,
ஸ்டான்லியில் நைட் டியூட்டி முடித்த கண்ணோடு.
அவள்தான் வாங்குகிறவள்.
பத்திரம் சொல்வது:
வடக்கே எத்திராஜுலு மனை,
தெற்கே பொதுச்சந்து, மேற்கே தெரு,
கிழக்கே கடல்.
இந்த நான்கெல்லைக்குட்பட்ட
கிழமேல் இருபுறமும் நாற்பதடி
தென்வடல் இருபுறமும் முப்பத்தோரடி.

தென்வடல் சரியாக இருந்தது.
கிழமேல்
இருபத்தொன்பதில் அவள் கால் நனைந்தது.

கடல் முத்திரைத்தாள் வாங்கவில்லை.
இரண்டு சாட்சி கூட்டி வரவில்லை,
டோக்கன் எடுத்து பெஞ்சில் காத்திருக்கவில்லை.
எந்த ஈசியிலும் அதன் பெயர் வராது.
பதினோரடி
அதன் சுவாதீனத்தில் இருக்கிறது.

தேசிங்கு அண்ணன் என்னை ஓரம் கூட்டிப்போனார்.
"பத்திரத்துல நாப்பதுதானே கீது,
அத்தயே எழுது."
என் கமிஷன் இரண்டு சதவீதம்.
மனதுக்குள் அதற்கு ஏற்கெனவே
ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி வைத்திருந்தேன்.

ஜெயசீலியிடம் சொன்னேன்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது சதுரடி என்றும்,
கடலோர விதியில் சுவரை இடித்துக் கட்டவும்
அனுமதி வேண்டியிருக்கும் என்றும்.
அவள் டேப்பைச் சுருட்டவில்லை.
"இன்னும் எவ்ளோ வரும்?"
அதற்கு நான் படித்த எதிலும்
பிரிவு இல்லை.

மூன்று வாரம் கழித்து
அளந்ததற்கு மட்டும் விலை பேசி
அவளே வந்தாள். வாடகை வீட்டுக்காரர்
தண்ணீர் பிடிக்க நேரம் குறிக்கிறாராம்.

பத்திரம் எழுதும் ஏகாம்பரம்
தட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.
"கிழக்கே?"
"கடல்."
"பழசுலயும் அதான் இருக்கு.
அதே கடலா?"

பழைய பத்திரத்தை நகலெடுக்கக் கொடுத்தனுப்பினோம்.
எதிர்க்கடையில் புதுப் பெண் மூடியைத் திறந்தாள்.
அறுபத்தொன்றாம் வருஷத்துக் கடல்
பச்சை வெளிச்சத்தில் ஒருமுறை போய்வந்து
இரண்டு பிரதியாக விழுந்தது,
சூடாக.