வெளியே வராத கேசட்

வினிப்பெக்கில் வாங்கிய கிழட்டுப் பியூக்கில்
முன்பே இறுகிக் கிடந்தது அந்தக் கேசட்.
ஆறு பனிக்காலம், அதே எட்டுப் பாட்டு.

மூன்றாவதில் கிட்டார் வருமுன்
டிரம்ஸ்காரனின் முக்காலி ஒருதரம் கிறீச்சிடும்.
எனக்கு அதுதான் பாட்டு.
பாடுகிறவன் எதற்குக் கத்துகிறான் என்று
இன்றுவரை முழுசாய் விளங்கவில்லை.
மைனஸ் முப்பத்தைந்தில் எஞ்சின் மறுத்த காலைகளில்
அந்தக் கத்தல் போதுமாயிருந்தது.

"இதை நிப்பாட்டு, இல்லாட்டி என்னை இறக்கிவிடு"
என்றாள் நிரோஜினி, போர்ட்டேஜ் அவெனியூவில்.
இறக்கிவிட்டேன்.
பாட்டு முடிந்ததும் திருப்பிக்கொண்டு போய் ஏற்றினேன்.

இன்று பழைய இரும்பு யார்ட்.
"உள்ளே சாமான் ஏதும்?"
இல்லை என்றேன்.
சாவியைக் கொடுக்குமுன் ஒருதரம் திருகினேன்.
இரண்டாம் பாட்டு ஓய்ந்து, நாடா இரைகிற இடைவெளியில்
பக்கத்து இருக்கையில் நிரோஜினி
வாயாலேயே கிறீச்சிட்டாள்,
முக்காலிக்கு ஒரு நொடி முந்தி.