கோணிச் சாக்கில் வந்த வீட்டுப்பாடம்

சனிக்கிழமை ஆறரைக்கு வகுப்பு,
கணபதியில் ஒரு பவுண்டரியின் மாடியில்.
கீழே உலை அணைந்த பிறகும்
தரை சுடும்.
செருப்பை வெளியில் விட்டவர்கள்
போய் மாட்டிக்கொண்டு வருவார்கள்.

பதினேழு பொறியாளர்கள்.
பம்பு, வால்வு, கிரைண்டர், நூற்பாலைக் கதிர்.
மைக்ரான் கணக்கில் கை நடுங்காதவர்கள்
மனுசக் கணக்கு வந்தால் பேனாவைக் கடிப்பார்கள்.

பலகையில் ஒரு வளைவு போட்டேன்.
மெல்லக் கிளம்பி, விருட்டென ஏறி,
உச்சியில் படுத்துவிடும்
ஒரு தொழில்நுட்பத்தின் ஆயுள் ரேகை.
"எங்க பாங்குக் கடனும் இப்படித்தானுங்க ஏறுது,
படுக்கத்தான் மாட்டேங்குது" என்றார் பொன்னரசு.
சிரிப்பு அடங்கட்டும் என்று
அழிக்காமல் நின்றேன்.

அன்றைய வீட்டுப்பாடம்:
எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு திட்டத்துக்குக்
கருமாதிப் பத்திரிகை எழுதி வாருங்கள்.
பிறந்த தேதி, தின்ற பணம்,
யார் யார் அதைத் தன் பிள்ளை என்றார்கள்,
இன்னும் ஏன் எடுக்கவில்லை.

மறுவாரம் பதினாறு தாள்கள் வந்தன,
ஒரு சாக்கும்.
என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர் சென்னியப்பன்,
நீலாம்பூரிலிருந்து மொபெட்டில் கட்டிக்கொண்டுவந்து
மேசைமேல் இறக்கினார்.
மேசை முனகியது.
"எழுத வரலீங்க மேடம். இதுதானுங்க."

ஆழ்குழாய் மோட்டார். நிலைக்காந்தம்.
மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம்.
பதினோரு வருசம், நாலு ரோட்டார்.
ஆயுத பூசைக்கு ஆயுத பூசை
சோதனை மேடைக்குச் சந்தனம்.
அந்த மேடையில் அது தோற்றதே இல்லை.
விற்றது நாற்பத்து மூன்று,
அதில் முப்பது முதலாளியின் ஒறம்பரைக்கு.

பர்வீன்தான் முதலில் கேட்டாள்:
"புகைஞ்சா யாருங்க ரீவைண்டிங் பண்ணுவாங்க?
அன்னூர்ல எங்க மாமா கடையில
இதைத் தொடவே மாட்டாங்க."
பின்வரிசையிலிருந்து இன்னொருத்தர்:
"காட்டுக்காரருக்குக் கரண்டே இலவசமுங்க.
மிச்சம் பண்ணி அவரு என்ன பண்ணுவாரு?"

பலகையில் எழுதப் போன என் கை
பாதியில் நின்றது.

"இதைப் பதினோரு வருசமா யாருமே கேக்கலீங்களா?"
"கேட்டாங்க. மொத வருசமே
எங்க வாட்ச்மேன் கேட்டான்."
"நீங்க என்ன சொன்னீங்க?"
சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னார்:
"பதில் தெரியலீங்க.
அதனால இன்னும் ரெண்டு சதம்
திறனைக் கூட்டுனேன்."

யாரும் சிரிக்கவில்லை.
கீழே யாரோ இரும்பை இழுத்துப்போகும் சத்தம்.

பிறகுதான் வகுப்பு நடந்தது, நான் நடத்தாமலே.
கரண்டு பில் கட்டுகிறவன் யார்?
அதை ராத்திரி பகலாய் ஓட்டுகிறவன் யார்?
திருப்பூர்ச் சாயக்கழிவுச் சுத்திகரிப்பு ஆலை
என்றது ஒரு குரல்.
உப்புத்தண்ணி அரிக்குமே என்றது மற்றொன்று.
காந்தத்தைக் கழட்ட ஒரு சட்டம் செய்து
அன்னூர்க் கடைக்கே கொடுத்தால் என்ன என்றாள் பர்வீன்.
சாக்பீஸ் என்னிடமிருந்து எப்போது போனதோ.

"நாலு மாசம் கொடுங்க, மாத்திர்றனுங்க"
சென்னியப்பன் முகத்தில் பழைய வெளிச்சம்.
எனக்கு அந்த வெளிச்சம்தான் பயம்.
"நாலு மாசத்துல ஒரு ஆலைகூட வாங்கலைன்னா?"
"நிறுத்தறதுதானுங்க."
"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

சட்டைப்பையில் இருந்த கல்யாணப் பத்திரிகையின் முதுகில்
தேதி எழுதினார். தொகை எழுதினார்.
கையெழுத்துக்கு முன்னால்
பேனாவை மூடினார்.
"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க."

எட்டே முக்காலுக்கு
நாலு பேர் மோட்டாரைக் கீழே இறக்கினார்கள்.
சாக்கு மட்டும் நாற்காலியில் கிடந்தது.

மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தேன்.
சோமனூர்த் தறிக்கு நான் ஆறு வருசம் செய்த
நூலறு உணரியின் பலகை
வீட்டில் துணி அலமாரியில்,
பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது.
யாரிடமும் சொன்னதில்லை.
பதினேழு பெயருக்குக் கீழே
என் பெயரை எழுதி
எதிரே குறித்தேன்:
இன்னும் தரவில்லை.