பன்னிரண்டாவது படி

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
நாகேந்திரராம் அரைச் சீசா திராவகம் தந்தார்.
"வெள்ளிக்கு இது. செம்புன்னா தண்ணி சேத்துக்கம்மா."
எதற்கென்று கேட்கவில்லை.

மெழுகு பூசிப் புகையில் கறுத்த தகட்டில்
ஊசியால் கீறினேன்:
பதினெட்டாம் வளைவில் பஸ்ஸை விட்டிறங்கி
மிளகுக்கொடிகளுக்குள் அரைமணி நடந்தால் வரும் கோயில்.
கூரை இல்லை. தூண் நாலு,
அதில் ஒன்றுக்கு நிற்க விருப்பமில்லை.
நந்தியின் முகத்தை மழை கொண்டுபோயிற்று,
காதுகளை விட்டுவிட்டு.

அச்சில் இடம் வலமாகும்.
ஆகவே நந்தியைத் திருப்பி உட்காரவைத்தேன்.
அடிக்கல்லின் எழுத்தை வலமிருந்து இடமாக,
முகம் பார்க்கும் கண்ணாடியை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு:
கீழ்பாற்கெல்லை ஓடைக்கு மேற்கும்
தென்பாற்கெல்லை
அங்கே கல் உடைந்திருக்கிறது.
தெற்கே எல்லை சொல்லப்படாத நிலம்
சரிவில் இறங்கிச்
சேலம் ஜங்ஷன் வரைக்கும் வரலாம், கேட்பாரில்லை.

கேட்டவர் விடுதி முதலாளி.
பன்னிரண்டு அறை, பன்னிரண்டு படம்.
"மேல காலியா இருக்கே, ஒரு கோபுரம் போட்டுறலாமே?"
மூடுபனி போட்டேன்.
திராவகத்துக்குக் கொடுக்காமல்
வெறும் ஊசியால், மேலோட்டமாக.

மற்றதையெல்லாம் திராவகம் தின்றது
குமிழி குமிழியாக, நாற்பது நிமிஷம்.
மழைக்கு இந்த வேகம் கிடையாது; பசி ஒன்றுதான்.

ஒவ்வொரு படிக்கும் உருளை அழுத்த அழுத்தப்
பனி தேய்ந்துகொண்டே வந்தது.
பன்னிரண்டாவதில் விலகியே விட்டது.
"இதுல மேல ஒண்ணுமே இல்லியே"
திருப்பி அனுப்பிவிட்டார்.

அதைச் சுருட்டிக்கொண்டு மறுபடி மலையேறினேன்.
மிளகு பறித்துக்கொண்டிருந்த சடைச்சி
ஏணியிலிருந்து இறங்காமலே பார்த்தாள்.
"மூணாவது படியக் காணோம்."
அங்கேயும்தான் காணோம் என்றேன்.
"எங்க தண்ணித்தொட்டிகிட்ட கெடக்கு. வா."

பாதித் தாமரை. ஓரத்தில் யாளியின் வால் மட்டும்.
சோப்பு நுரை வடிந்துகொண்டிருந்தது.
விடுதியின் விரிப்புகளை அதன்மேல்தான் அடிக்கிறாள்,
அறைக்கு இரண்டு, வாரம் மூன்று தடவை.

கையில் பென்சில் இருந்தது.
ஈரம் காயட்டும் என்று நின்றேன்.
அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.