ஓர் எழுத்து குறைந்த பித்தளை

வால்திவியாவில் மழை விருந்தாளி இல்லை,
வாடகை கொடுக்காமல் தங்கிவிட்ட உறவு.
அன்று மாலையும் அதுதான் முதலில் வந்து
அரங்கின் தகரக் கூரையில் உட்கார்ந்து
யாரும் மேடை ஏறுமுன்பே
கைதட்டத் தொடங்கியது.

ஆசிரியர் பாராட்டு விழா.
விருதுக் குழுவுக்கு இந்த ஆண்டு நான் செயலாளர்.
அதாவது, நாற்காலி எண்ணுகிறவன்,
ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிறவன்,
துணைவேந்தரின் கண்ணாடி எங்கே என்று
துணைவேந்தருக்குச் சொல்கிறவன்.

மண்ணியல் துறை, எலியானா உவெனாந்தே.
இருபத்தாறு ஆண்டுப் பணி.
அவள் காலணியில் சேறு காய்ந்து நான் பார்த்ததில்லை.
அவள் காருக்கு மாணவர்கள் வைத்த பெயர்
நகரும் வயல்.
குழுவில் அவளுக்கு எதிராக விழுந்தது
ஒரே ஒரு வாக்கு.
ரகசிய வாக்கெடுப்பு என்பதால்
அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பித்தளைத் தகட்டுக்குச் சொல்லி
வாங்கிவந்தவனும் நான்தான்.
வெல்வெட்டுத் துணியை விலக்கிய பிறகுதான் தெரிந்தது,
அவள் குடும்பப் பெயரின் வாசலில் நிற்கும்
'ஹெச்' எழுத்தைக் காணோம்.
ஸ்பானிய வாயில் அது ஒலிக்காத எழுத்து.
துறைக் கூட்டத்தில் சில பேராசிரியர்கள் போல
இருந்தும் இல்லாதது.

பார்த்தாள். சிரித்தாள்.
"வாய்விட்டுப் படித்தால் சரியாகத்தானே இருக்கிறது!"
அரங்கு குலுங்கிச் சிரிக்க,
நான் நாற்காலிகளை
இன்னொரு முறை எண்ணினேன்.

பிறகு துணைவேந்தர் தொண்டையைச் செருமினார்.
புலத்தலைவர் பொறுப்பும் அவளுக்கே என்றார்.
பதினோரு ஆண்டாக
அந்த நாளுக்கென்று இஸ்திரி போட்டு வைத்த கோட்டு
என் மேலேயே கசங்கியது.

"ஏற்கிறேன்" என்றாள்,
"மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களுக்கும்
கூட்டத்தில் வாக்கு உண்டென்றால்."
துணைவேந்தர் "பார்க்கலாம்" என்றார்.
பின்னால் நயாரெத், போரிஸ் கத்ரிலெஃப்,
இன்னும் பதினாறு பேர்
எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று
மறுநாள் பத்திரிகை எழுதியது.
எழுந்திருக்கவில்லை.
ஏழு மணியிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.
நான் எண்ணிய நாற்காலிகள்
நிரந்தரப் பணியாளர்களுக்கானவை.

திங்கட்கிழமை, பழைய கோப்புகளைக்
கட்டி மேலே ஏற்றும் வேலை.
தேறாத பரிந்துரைகளின் கட்டில்
என் பெயர்.
மூன்று படிவம், மூன்று ஆண்டு, ஒரே கையெழுத்து,
ஒன்றின் ஓரத்தில் மண்கறை.
காரணம் என்ற இடத்தில்:
"மின்சாரம் போகும் இரவுகளில்
யாரும் கூப்பிடாமலே வந்து
அடுத்தவர்களின் மாதிரிகளையும்
குளிர்பெட்டி மாற்றி வைக்கிறார்."
மூன்றாம் ஆண்டு இன்னும் சுருக்கமாக:
"போன வருடம் எழுதியதே. இன்னும் வருகிறார்."

உண்மைதான், வருவேன்.
வீட்டில் தூக்கம் வராததால் என்று நினைத்திருந்தேன்.

தகட்டை எடுத்துக்கொண்டு
ஆற்றங்கரைக் கடைக்குப் போனேன்.
தோன் எவாரிஸ்தோ வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்:
"பித்தளையில் எழுத்தைத் தேய்த்து எடுக்கலாம் ஐயா,
நடுவில் நுழைக்க முடியாது. வேறு தகடுதான்."
கூலியை எண்ணி வைத்தேன்.
ரசீது கேட்கவில்லை.

வெளியே, மீன்சந்தைக்குப் பின்னால்
கடற்சிங்கங்கள் ஒரு மரமேடைக்காக
ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.
ஒன்று தண்ணீரில் விழுந்தது.
சுற்றி நீந்தி, மறுபக்கமாக ஏறியது.
மற்றவை உறுமிக்கொண்டே
கொஞ்சம் நகர்ந்தன.

புதன்கிழமைக் கூட்டத்துக்குப்
பதினெட்டு நாற்காலி அதிகமாகச் சொல்லியிருக்கிறேன்.
அந்த ஒரு வாக்கைப் பற்றி
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.