ஒன்றாம் எண்

லியெபாயா நகரில் ஒரே ஒரு டிராம் தடம்தான்.
அதன் மின்கம்பிகளைப் பத்தொன்பது வருஷமாக
நான் பார்த்துக்கொள்கிறேன்.
ஆகவே குளியலறை எடைமெஷின்
என்னிடம் கதை விட முடியாது.

வெறுங்காலோடு ஏறு என்கிறது.
கண்ணாடிப் பலகையில் நான்கு எஃகுத் தகடுகள்,
ஜனவரி மாதத்துத் தண்டவாளம் போலச் சில்லென்று.
இடது பாதத்தில் துளி மின்சாரம் நுழைகிறது.
எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரியும், இது தெரியாது.
கணுக்கால், முழங்கால், தொடை என்று ஏறி
அடிவயிற்றில் திரும்பி
வலது கால் வழியே இறங்கிவிடுகிறது.
அவ்வளவுதான் அதன் பயணம்.
இடுப்புக்கு மேலே அது வந்ததே இல்லை.
மார்பு, தோள், ஏணி பிடித்துக் காய்த்த இந்த இரண்டு கை
எல்லாம் ஊகம்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்துக்கு வழி விடும்.
கொழுப்பு விடாது.
நெரிசல் நேர டிராமில் கதவோரம் நிற்கிற ஆள் மாதிரி
நகரவே நகராது.
எவ்வளவு தடை என்பது மட்டும் மெஷினுக்குத் தெரியும்:
ஐந்நூற்றுப் பத்து ஓம்.
அதோடு என் எடை. வேறொன்றும் தெரியாது.

மீதிக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது.
எந்த ஊரிலோ எவரெவரையோ
தொட்டியில் முக்கி, எக்ஸ்ரேயில் படுக்கவைத்துப்
போட்ட கணக்கு.
கொழுப்பு போக மிச்ச உடம்பில்
நூற்றுக்கு எழுபத்துமூன்று தண்ணீர் என்று
முன்கூட்டியே முடிவு கட்டிய கணக்கு.
உயரம், வயது, ஆணா பெண்ணா,
நாம் சொன்னதை நம்பி
தசமப் புள்ளியோடு திருப்பிச் சொல்கிறது.
அந்தப் புள்ளியைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு.

குதிகால் வெடித்திருந்தால் கொழுப்பு கூடும்.
ஈரக்காலோடு ஏறினால் குறையும்.
ஒரு நாள் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன்.
வயிற்றில் நின்ற தண்ணீரை
மின்சாரம் இன்னும் சந்திக்கவில்லை,
எடை மட்டும் கூடியிருந்தது.
அந்தத் தண்ணீரை மெஷின்
கொழுப்பு என்று எழுதிக்கொண்டது.

வாங்கியவன் எவால்ட்ஸ்.
ஒன்றாம் எண் அவன், இரண்டாம் எண் நான்.
ஏறி நின்றால் போதும்,
எடையை வைத்தே ஆளை அடையாளம் பிடித்துக்கொள்ளும்.
போன மார்ச்சுக்கு முந்தைய மார்ச்சில்
அயர்லாந்துக்குப் போனான்.
காளான் பண்ணை வேலை, ஆறே மாதம் என்று.
பணம் வருகிறது, தேதி தவறாமல்.
பேச்சு வருவதில்லை.
புகைபோட்ட மீனையும் கம்பு ரொட்டியையும்
இரண்டு பேர் அளவுக்கே வாங்கிப் பழகிய கை.
வாங்கியதை வீணாக்கத் தெரியாத வாய்.

நேற்றுக் காலை எண்பத்தொன்று புள்ளி நான்கு.
திரையில் ஓர் ஒன்று மினுக்கியது.
கொழுப்பு முப்பத்தெட்டிலிருந்து இருபத்தாறு.
தண்ணீர் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்துநாலு.
அதே பாதம். அதே ஓம்.
ஆறடி உயர ஆணாக, நாற்பத்தொன்பது வயதில்,
சற்றே மெலிந்து
நான் நின்றுகொண்டிருந்தேன்.

பல் துலக்கி முடிப்பதற்குள் கைப்பேசி அதிர்ந்தது.
அளந்ததையெல்லாம் இந்த மெஷின்
அந்தந்த எண்ணுக்கு உரியவரின் கைப்பேசிக்கு
அனுப்பிவிடும் என்பதை மறந்தே போயிருந்தேன்.
எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு
அவனாக எழுதிய முதல் வரி:

"வெல்கா, என் எடையில் யார் நிற்கிறது?"

வேலைக்கு நேரமாகிவிட்டது. பதில் போடவில்லை.
பகல் முழுக்க ஏணிமேல் நின்று
கம்பி கம்பியாகத் தடை பார்த்தேன்.
கடல் காற்றில் கைவிரல் மரத்துவிட்டது.
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இன்றைக்கு எண்பது புள்ளி ஒன்பது.
திரையில் இரண்டு.
இறங்கினேன்.
சமையலறைக்குப் போய்
இரண்டு தம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்து
உதட்டைத் துடைத்து
மறுபடி ஏறி,
அசையாமல்.