நாற்பது நிமிடம் என்கிறது பலகை

செர்க்னோவில் ஆளுக்கொரு மலைப்பாதை வைத்திருக்கிறார்கள்,
கேட்டால் உடனே எடுத்து நீட்டுவார்கள்.
"சுலபம்தான்" என்றார் இறைச்சிக்கடை போருத்.
ஐம்பத்தெட்டு வயது அவருக்கு,
காலை ரொட்டிக்கு முன் ஒரு சிகரம் ஏறி இறங்குகிறவர்.
அந்தச் சுலபத்தின் பாதியில்
பாறையோடு இரும்புக் கயிறு அறைந்திருந்தது.
பிரினாவுக்கு நான்கு வயது.
கயிற்றைத் தொட்டுப் பார்த்து
"சில்லுனு இருக்கு" என்றாள்.
திரும்பினோம்.

அடுத்த சனிக்கிழமை, தபால்காரி தாரிங்கா சொன்ன வழி.
அவள் கையால் காட்டுவதில்லை, தாடையால் காட்டுவாள்.
தாடை போன திசையில்
மின்வேலிக்குள் பதினொரு பசுக்கள்
எங்களைத்தான் எதிர்பார்த்திருந்ததுபோல் நின்றன.
அதற்கடுத்த வாரம்
மலையேற்றச் சங்கத்தின் பழைய வரைபடம்.
மடித்து மடித்துத் தேய்ந்த இடத்தில் ஓர் ஓட்டை;
நாங்கள் போகவேண்டிய இடம் சரியாக அந்த ஓட்டைக்குள்.
தள்ளுவண்டியின் முன்சக்கரம் அன்றைக்குத்தான் கழன்றது.
நிவெஸ் ஒன்றும் சொல்லவில்லை.
சக்கரத்தை என் கோட்டுப் பையில் போட்டாள்.

நல்ல பாதையை நாங்கள் தேடிக் கண்டடையவில்லை.
மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால்
"அப்பா, அவசரம்" என்று பிரினா குதித்தபோது
காரை நிறுத்தி
மூன்று பீச் மரம் தள்ளி அழைத்துப் போனேன்.
குந்தியிருந்தவள் நிமிர்ந்து சொன்னாள்:
"மரத்துக்குக் கண்ணு இருக்கு."
சிவப்பு வளையம், நடுவே வெள்ளைப் பொட்டு,
எவரோ தூரிகையால் இட்டுப்போன வழிக்குறி.
கொஞ்சம் தள்ளி இன்னொரு கண்.
அதற்கப்பால் பாசி பிடித்த பலகை:
தேவாலயம், நாற்பது நிமிடம்.

இங்கே பலகைகள் தூரம் சொல்வதில்லை, நேரம் சொல்லும்.
யாருடைய நேரம் என்று சொல்லாது.

முதல் கண்ணிலிருந்து இரண்டாவதற்கு ஒரு நத்தை.
இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு
ஒரு குட்டை, இடது பூட்ஸ் நிரம்பும் ஆழம்,
பின்பு காலுறை பிழிதல்.
மூன்று பலகை போட்ட பாலத்தில்
இந்தப் பக்கம் குச்சி போட்டு
அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும்.
வராத குச்சிக்காகக் காத்திருக்கவும் வேண்டும்.
காட்டுப்பூண்டு வாடைக்கு
முதுகுப்பையிலிருந்த வித்
என் பிடரியில் தும்மினான்.
கூப்பிடு தூரத்தில் முன்னால் போன நிவெஸ்
கூப்பிட்டதும் நின்றாள்,
"இதோ, அடுத்த வளைவுதான்" என்றாள்.
அதே பொய்யை ஆறு வளைவுக்குச் சொன்னாள்.

மழை விட்டிருந்தது.
பிளந்த கல்லின் அடியிலிருந்து
கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகளோடு
ஒரு சலமாண்டர் வெளியே வந்தது,
யாரோ மறந்துபோன ரப்பர் பொம்மை மாதிரி.
பிரினா உட்கார்ந்தாள்.
பல் தேய்க்க அரை நிமிடம் நில்லாதவள்
இருபது நிமிடம் அசையவில்லை.
அது ஒரு கையை எடுத்து வைத்தது.
அவ்வளவுதான்.
பிறகு இன்னொரு கையைப் பற்றி யோசித்தது.

ரொட்டி தீர்ந்தது. வெளிச்சம் சரிந்தது.
தேவாலயம் வரவில்லை.

இதுவரை நான்கு முறை போயாயிற்று.
அதன் கூரை என்ன நிறம் என்று
எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.
போருத்தைக் கேட்டால் சொல்லிவிடுவார்.
கேட்கவில்லை.

திங்களன்று பட்டறையில், புதிதாய்ச் சேர்ந்த கெனான்
"சின்னப் பிள்ளைகளோடு போகிற மாதிரி
பாதை ஏதாவது உண்டா?" என்றான்.
"சுலபம்தான்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்தேன்:
பீச் மரம், கண், குட்டை.
மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி.
பாலத்துக்குக் குச்சி இப்போதே பொறுக்கிக்கொள்ளவும்.
எவ்வளவு நேரம் என்று எழுதும் இடத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

சலமாண்டரின் கல்லை மட்டும் வரையவில்லை.
அது பிரினாவுடையது.
யாருக்குக் காட்டலாம் என்று
அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.