தெற்கே பதினெட்டு பாகை

பச்சையாங்குப்பத்து மொட்டைமாடியில்
துருவ நட்சத்திரம் தெரியாது.
எங்கள் ஊருக்கு அது பன்னிரண்டு பாகை உயரம்தான்;
அந்த உயரத்தில் ரோசலின் அக்கா வீட்டுத்
தண்ணீர்த் தொட்டி கறுப்பாய் நிற்கிறது.
குத்துமதிப்பாய் வடக்கு பார்த்து
ஒரு மீன் எந்தப் பக்கம் நழுவுகிறதென்று
முக்கால் மணி நேரம் திருகாணி திருப்பினேன்.

பங்குனி. பிசுபிசுக்கிற உப்புக் காற்று.
தெற்கே சிப்காட்.
சோடியம் விளக்குகளில்
வானத்தின் அடிவயிறு வெந்துகொண்டிருக்கிறது.
என் நெபுலாவுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை,
அந்தப் புகைபோக்கிகளுக்கு மேலேதான் வந்து நிற்கும்.
பதினெட்டு பாகை. அதற்கு மேல் ஏறாது.
கரினா என்றால் ஏரா,
படகின் அடிக்கட்டை.
பழைய துறைமுகத்துக்காரிக்குப் பொருத்தம்தான்.

பகலில் எனக்கு வேலை அந்த மஞ்சளுக்குள்ளே.
குப்பிக்குக் குப்பி ஒளியைச் செலுத்தி
எந்தக் கரைசல் எதை விழுங்குகிறதென்று
எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள்.
இரவில், விழுங்குவதை விட்டு
உமிழ்வதை எண்ணுகிறேன்.
கரைசல் கொஞ்சம் பெரிது.
எட்டாயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

தவணையில் வாங்கிய மூன்று ஃபில்டர்கள்,
ஒவ்வொன்றும் மூன்று நானோமீட்டர் அகலக் கதவு.
ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு ஒன்று,
அறுநூற்று எழுபத்திரண்டில் கந்தகத்துக்கு ஒன்று.
சோடியம் வாசலோடு திரும்பிப் போய்விடும்.
தெருமுனை எல்.இ.டி மட்டும்
எல்லா நிறத்திலும் கை வைத்திருப்பதால்
எப்படியோ கொஞ்சம் புகுந்துவிடுகிறது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம்.
முதல் இரண்டைக் காற்று ஆட்டிவிட்டது.
மூன்றாவதில் குறுக்கே ஒரு செயற்கைக்கோள்,
கொடிக்கயிறு கட்டியதுபோல்.
நான்காவதில்
தோசைக்கல்லில் மாவு தேய்த்த மாதிரி ஒரு வெளுப்பு,
நடுவில் கரண்டி படாத இருட்டு.
வந்துவிட்டது. சத்தம் போடாமல் குதித்தேன்.

துணி எடுக்க மாடியேறிய ரோசலின் அக்கா
தொட்டிச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"இப்போ எதைப் புடிக்கிறே?"
"கந்தகம், அக்கா."
"அதுக்கு ஏன் அவ்ளோ தூரம்?
என் அடுப்படிக்கு வா.
எட்டு மணிக்கே வந்து ஒக்காந்திருக்கு."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.
அந்த வாயுவை நாங்களும் அளக்கிறோம்,
நீலச் சாயமாக்கி, அறுநூற்று எழுபதில்.
இரண்டே நானோமீட்டர் வித்தியாசம்.
முந்தாநாள் தாளில் 'அளவுக்குள்' என்று எழுதி
கையெழுத்துப் போட்டது நான்.
அளவுக்குள்தான் இருந்தது,
குப்பி நிரப்பிய பத்து நிமிடத்தில்.

"கலர் இல்லையா?"
"நாந்தான் போடணும்.
கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்ஸிஜன் நீலம்."
"அப்போ நெசமில்லே."
நிஜத்தில் முதல் இரண்டுமே சிவப்பு,
கண்ணுக்குப் பிரியாது,
பிரித்துக் காட்டத்தான் இந்தப் பொய் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
"கல்யாண ஆல்பம்" என்று இறங்கிப் போனார்.

இரண்டு மணிக்கு ஏரா சாய்ந்து
புகைக்குள் போனது.
குழாய்க்கு மூடி போட்டேன்.
அதே ஐந்து நிமிடம், இருபது முறை,
எதையும் பார்க்காத படங்கள்.
மூடிக்கொண்டிருக்கும்போது
கருவி தானாய் என்ன பார்க்கிறதென்று தெரிந்து
அதைக் கழிக்க வேண்டும்.
கழித்தால்தான்
திறந்திருந்தபோது பார்த்ததை நம்பலாம்.

விடிகிறது. ஆறு மணிக்கு ஷிஃப்ட்.
கடைசி வேலை ஒன்று பாக்கி:
குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி
வெறும் வெளிச்சத்தைப் படம் எடுப்பது.
கண்ணாடியில் தூசி எங்கெங்கே ஒட்டியிருக்கிறதென்று
அதுதான் காட்டிக்கொடுக்கும்.
எங்கள் கொடியில் துணி இல்லை.
சுவர் தாண்டி, அக்கா மறந்த துண்டை எடுத்தேன்.
இரவெல்லாம் காய்ந்த துண்டு.
முகத்தருகே கொண்டுபோகாமலே தெரிந்தது.
இழுத்துக் கட்டினேன், சுருக்கமில்லாமல்.